77 ஆட்டம், 11 கோல்: நகாட்டாவுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

கேள்வி இதுதான்: ஜப்பானின் ஹிடேடோஷி நகாட்டா தேசிய அணிக்காக 77 ஆட்டங்களில் 11 கோல்தான் போட்டிருக்கிறார். 29 வயதில் ஓய்வும் பெற்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் பலர் கணக்கில் அவரைத் தாண்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் ஜப்பான் கால்பந்து என்றதும் ஏன் அவர் பெயரையே முதலில் சொல்கிறார்கள்? விளம்பரம் செய்த வேலையா?

கணக்கைப் பற்றிச் சொன்னது சரிதான். கெய்சுகே ஹோண்டா 98 ஆட்டங்களில் 37 கோல் போட்டவர். 2010, 2014, 2018 என்று மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர். ஷின்ஜி ககாவா டோர்ட்முண்டுடன் இரண்டு முறை ஜெர்மன் லீக்கையும், மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஒரு முறை இங்கிலாந்து லீக்கையும் வென்றவர். லெஸ்டர் சிட்டியின் அந்த நம்பமுடியாத 2016 பட்டத்தில் ஒகசாகிக்குப் பங்கு உண்டு. நகாட்டா கையில் இருப்பது ஒரு இத்தாலிய லீக் பட்டமும் ஒரு இத்தாலியக் கோப்பையும்தான். லீக் பட்டம் வென்ற பருவத்தில்கூட அவர் பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விளம்பரம் என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அவருடைய புகழைப் புரிந்துகொள்ள கோல் கணக்கை விட நாள்காட்டிதான் அதிகம் உதவும். குறிப்பாக ஒரு வாரம்.

1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. இடம் மலேசியாவின் ஜோகூர் பாரு, லார்க்கின் மைதானம். சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி பஸ் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான அதே லார்க்கின்தான். ஜப்பானும் ஈரானும் மோதுகின்றன. ஜெயித்தவருக்கு 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் நேரடி இடம். அதுவரை ஜப்பான் ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. நான்கு வருடம் முன்பு தோஹாவில், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஈராக் சமன் செய்ததால் கைக்கு வந்தது போயிற்று. அந்த இரவை ஜப்பானியர்கள் இன்றைக்கும் 'தோஹா சோகம்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஜோகூரில் முதல் கோலை நகயாமா போட்டார். பாஸ் கொடுத்தது நகாட்டா. இடைவேளை முடிந்ததும் அசீசியும் அலி டாயியும் அடித்து ஈரானை 2-1 என்று முன்னே கொண்டுபோனார்கள். அப்போது பயிற்சியாளர் ஒகடா ஒரு காரியம் செய்தார். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே கூப்பிட்டார். அதில் ஒருவர் கசுயோஷி மியுரா, ஜப்பான் முழுக்க 'கசு' என்று செல்லமாகக் கூப்பிடும் நட்சத்திரம். அவர் தன் மார்பைத் தொட்டு "நானா?" என்பதுபோல் காட்டியது தொலைக்காட்சியில் தெரிந்தது. 76-ஆவது நிமிடம் நகாட்டா தூக்கிக் கொடுத்த பந்தை சக ஆட்டக்காரர் ஜோ தலையால் முட்டினார், 2-2. கூடுதல் நேரத்தில் முதலில் யார் போட்டாலும் ஆட்டம் முடிந்தது, 'தங்க கோல்' என்று அப்போது ஒரு விதி இருந்தது. 118-ஆவது நிமிடம் நகாட்டா பந்தோடு ஓடி வந்து தானே அடித்தார். கோல்கீப்பர் தட்டிவிட்டார். தட்டியது ஒகானோவின் காலுக்கு வந்தது. அவர் சறுக்கி உள்ளே தள்ளினார். மூன்று கோலிலும் நகாட்டாவின் கால் இருந்தது, ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. நீங்கள் கேட்ட '11 கோல்' கணக்கின் லட்சணம் இதுதான்.

மறுநாள், திங்கட்கிழமை, ஹொக்கைடோ தகுஷோகு வங்கி திவாலானது. அடுத்த திங்கள், நவம்பர் 24, நூறு வருடப் பழமையுள்ள யமாய்ச்சி பங்கு நிறுவனம் கடையை மூடியது. அதன் தலைவர் பத்திரிகையாளர்கள் முன்னால், ஊழியர்கள் மேல் தப்பில்லை என்று சொல்லித் தேம்பி அழுத காட்சி ஜப்பானின் அந்தக் காலத்துக்கே அடையாளப் படமாகிவிட்டது. ஒரு கம்பெனியில் சேர்ந்தால் சாகும்வரை சோறு உண்டு, தலையைக் குனிந்து வேலை பார்த்தால் போதும் என்று வளர்ந்த ஒரு தலைமுறையின் காலடி மண் சரிந்த வாரம் அது. அந்த வாரத்தின் ஒரு முனையில்தான் 20 வயதுப் பையன் ஒருவன், தலையைக் குனியாமல், தன்னைவிட பத்து வயது மூத்தவர்களை மைதானத்தில் 'இங்கே ஓடு, அங்கே நில்' என்று விரட்டிக்கொண்டிருந்தான். இரண்டையும் ஜப்பானியர்கள் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தார்கள். நகாட்டாவின் புகழுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

மூத்தவர்களை விரட்டினான் என்றேனே, அது சின்ன விஷயமில்லை. ஜப்பானியப் பள்ளி விளையாட்டுக் குழுக்களில் சீனியர், ஜூனியர் என்கிற படிநிலை ராணுவம் மாதிரி. சீனியரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மரியாதை விகுதி இல்லாமல் பேசக் கூடாது. மைதானத்தில் அரை நொடியில் பந்து கேட்க வேண்டிய இடத்தில் இந்த மரியாதை எல்லாம் எதற்கு என்பது நகாட்டாவின் கட்சி. யமனாஷி மாகாணத்துக் கோஃபு நகரத்துப் பையன். நிராசாகி உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு 1995-இல் பெல்மாரே ஹிராட்சுகா அணியில் சேர்ந்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜப்பான் பிரேசிலை 1-0 என்று கவிழ்த்தது. மயாமியில் நடந்ததால் அதை 'மயாமி அதிசயம்' என்பார்கள். அந்த அணியில் 19 வயது நகாட்டா இருந்தான். இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளரோடு முட்டிக்கொண்டதால் மூன்றாவது ஆட்டத்தில் அவனை இறக்கவே இல்லை. பிரேசிலைத் தோற்கடித்த கையோடு பெஞ்ச்! அப்போதிருந்தே அவனைப் பிடித்தவர்கள் அளவுக்கு எரிச்சல்பட்டவர்களும் இருந்தார்கள்.

உலகக் கோப்பைக்குப் போகும் நேரத்தில் ஒகடா இன்னொரு குண்டு போட்டார். 1998 ஜூனில், இறுதிப் பட்டியலிலிருந்து கசுவையே நீக்கிவிட்டார். ஜப்பானில் தொழில்முறை லீக் 1993-இல் பிறக்கும்போது அதன் முகமாக இருந்தவர் கசு. நாடே அதிர்ந்தது. நட்சத்திர நாற்காலி காலியானது. பிரான்சில் நகாட்டா மஞ்சள் சாயம் பூசிய தலையோடு வந்து இறங்கினார். அணி அர்ஜென்டினாவிடமும் குரோஷியாவிடமும் 0-1, ஜமைக்காவிடம் 1-2 என்று மூன்றிலும் தோற்றது. ஆனாலும் ஐரோப்பியத் தரகர்கள் அந்த மஞ்சள் தலையைக் குறித்துக்கொண்டு போனார்கள். அந்த ஜூலையிலேயே இத்தாலியின் பெருஜியா அவரை வாங்கியது.

இப்போது உங்கள் விளம்பரக் கேள்விக்கு வரலாம். ஆசியாவிலிருந்து ஒருவரை ஐரோப்பிய கிளப் வாங்கினால், 'சட்டை விற்க வாங்கியிருக்கிறார்கள்' என்பது அன்று எல்லோரும் சொன்ன பேச்சு. அதில் முன்கதை உண்டு. 1994-இல் கசு இத்தாலியின் ஜெனோவா அணிக்குப் போனபோது அந்த அணியின் சட்டை மார்பில் கென்வுட் என்கிற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. பாவம், முதல் ஆட்டத்திலேயே மிலானின் பரேசியோடு மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். ஒரு பருவம் முழுக்க ஒரே கோல். ஒரே ஊர் அணிகளின் மோதலில், சாம்ப்தோரியாவுக்கு எதிராக அடித்தது என்பதுதான் ஆறுதல். இத்தாலியர்கள் சிரித்தார்கள். நான்கு வருடம் கழித்து இன்னொரு ஜப்பானியர் வருகிறார் என்றதும் அதே சிரிப்புதான் முதலில் வந்தது. பெருஜியாவின் முதலாளி லூச்சானோ காவுச்சியும் வியாபாரத்தை மறைக்கிற ஆள் இல்லை.

1998 செப்டம்பர் 13. முதல் ஆட்டமே யுவென்டஸோடு. நடப்பு சாம்பியன், ஜிடான், டெல் பியேரோ ஆடும் அணி. பெருஜியா அப்போதுதான் மேல் பிரிவுக்கு ஏறி வந்த சின்ன ஊர் அணி. எதிர்பார்த்தபடியே 3-4 என்று தோற்றார்கள். ஆனால் அந்த மூன்றில் இரண்டு நகாட்டா போட்டது. மறுநாள் யாரும் சட்டையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பருவத்தில் லீக்கில் 10 கோல் அடித்தார். முன்வரிசை ஆளாக இல்லாமல் மிட்ஃபீல்டராக ஆடி, உலகத்தின் இறுக்கமான தடுப்பாட்டம் இருந்த லீக்கில் 10 கோல்.

அவர் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜப்பான் ஆட்டக்காரர் என்றால் சிட்டுக்குருவி மாதிரி துறுதுறுவென்று ஓடுவார், இடித்தால் விழுந்துவிடுவார் என்று ஒரு எண்ணம் உண்டு. நகாட்டா அப்படியில்லை. உயரம் 175 சென்டிமீட்டர்தான். இடுப்பும் தொடையும் கல். பின்னாலிருந்து தடுப்பாட்டக்காரர் இடித்தால் ஒரு அடி தடுமாறுவார், பந்து காலை விட்டுப் போகாது, அடுத்த அடியில் நிமிர்ந்துவிடுவார். முதுகு எப்போதும் நேராக இருக்கும்; பந்து வருமுன்னே இரண்டு மூன்று தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுவார். அப்புறம் அந்த பாஸ். கூட ஆடுகிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக் கொடுப்பதில்லை, எங்கே இருக்க வேண்டும் என்று கொடுப்பது. வேகமாக, தரையோடு, கருணையில்லாமல் போகும். ஓடாதவனுக்குக் கிடைக்காது. ஜப்பானியப் பத்திரிகைகள் அதற்கு 'கில்லர் பாஸ்' என்று பேர் வைத்தன. கூட ஆடியவர்கள் சிலருக்கு அது அவமானமாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பந்து வெளியே போனால் தப்பு யார் மேல் என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடுமே.

இத்தாலியில் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் ஜப்பானில் இரவு 11 மணி. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஜனம் ஞாயிறு நள்ளிரவு தாண்டியும் ஒரு இத்தாலியச் சிற்றூரின் அணிக்காக விழித்திருந்தது. ஜப்பானிய சுற்றுலாப் பயணிகள் அந்த மலை நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் 7-ஆம் எண் சட்டை வாங்கினார்கள். ஆக, சட்டை விற்றது உண்மை. ஆட்டம்தான் அதை விற்றது.

2000 ஜனவரியில் ரோமா அவரை வாங்கியது. அங்கே சிக்கல்: அவர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே அந்த ஊர் நட்சத்திரம் டோட்டி இருக்கிறார். ரோமில் டோட்டியை உட்காரவைத்து இன்னொருவரை ஆடவிடுவது என்பது மதுரையில் மீனாட்சியை ஓரமாக நிற்கச் சொல்வது மாதிரி. போதாததற்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று பேருக்கு மேல் இறக்கக் கூடாது என்ற விதி வேறு. பல ஞாயிறுகள் நகாட்டா பெஞ்சிலோ பார்வையாளர் வரிசையிலோதான்.

2001 மே மாதத் தொடக்கத்தில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். சில நாள் கழித்து, மே 6, துரினில் யுவென்டஸ், ரோமா ஆட்டம். ரோமா முதலிடம், யுவென்டஸ் துரத்திக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே யுவென்டஸ் 2-0. இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் கபெல்லோ டோட்டியை வெளியே எடுத்து நகாட்டாவை அனுப்பினார். பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். 79-ஆவது நிமிடம், நடுவில் பந்தைப் பறித்து நான்கைந்து அடி வைத்த நகாட்டா பெட்டிக்கு வெகு வெளியிலிருந்து ஓங்கி அடித்தார். மேல் மூலையில் போய்ச் செருகியது. ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொன்று அடித்தார். யுவென்டஸ் கோல்கீப்பர் வான் டெர் சார் பிடிக்க முடியாமல் நழுவவிட, ரோமாவின் மொன்டெல்லா ஓடிவந்து உள்ளே தள்ளினார். 2-2.

பருவம் முடிந்தபோது ரோமா 75 புள்ளி, யுவென்டஸ் 73. அன்று 2-0 என்றே முடிந்திருந்தால் யுவென்டஸ் 75, ரோமா 74. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 1983-க்குப் பிறகு ரோமாவுக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. ரோமில் அந்த வயதுக்காரர் யாரிடமாவது நகாட்டா என்று சொல்லிப் பாருங்கள், பருவம் முழுக்க ஆடியது பற்றிப் பேச மாட்டார்கள், அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

அதே வருடம் ஜூனில் நடந்த இன்னொன்று அவர் சுபாவத்தைச் சொல்லும். ஜப்பானில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. யோகோஹாமாவில் கொட்டும் மழையில் அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் நகாட்டா போட்ட ஒரே கோலில் ஜப்பான் வென்றது. இறுதி ஆட்டம் பிரான்சோடு, சொந்த மண்ணில். நகாட்டா அதற்கு நிற்கவில்லை. ரோமாவின் பட்டப் போட்டி முடியவில்லை என்று இத்தாலிக்கு விமானம் ஏறிவிட்டார். நம் ஊரில் ஒரு கிரிக்கெட்காரர் இப்படிச் செய்திருந்தால் வீட்டுக் கண்ணாடி மிஞ்சியிருக்காது. ஜப்பானிலும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் இளைஞர்கள் பலர் அதைத் துரோகமாகப் பார்க்கவில்லை. தன் வேலை எது என்று தானே முடிவுசெய்கிற ஒருவனாகப் பார்த்தார்கள். அந்தக் கோடையில் இத்தாலியின் இன்னொரு அணியான பார்மா அவரை ஏறக்குறைய 2.8 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. 2015-இல் தென் கொரியாவின் சன் ஹியுங்-மின் டாட்டனமுக்குப் போகும்வரை எந்த ஆசிய ஆட்டக்காரருக்கும் யாரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை.

பத்திரிகைகளோடு அவருக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. 1998 தொடக்கத்தில், ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடுவது பற்றி அவர் சொன்னதாக ஒரு நாளிதழில் வந்த வார்த்தைகள் பெரிய சர்ச்சையாகி, வலதுசாரிகளிடமிருந்து மிரட்டல்வரை போனது. அப்புறம் அவர் பேட்டி கொடுப்பதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். கேள்வி கேட்டால் ஒரு வரி; சில நேரம் அதுவும் இல்லை. பதிலாக, அதே வருடம் நகாட்டா.நெட் என்று சொந்த இணையதளம் தொடங்கினார். சொல்ல வேண்டியதை ரசிகர்களுக்கு நேராக அதில் எழுதினார். 1998-ஐ நினைத்துப் பாருங்கள். சமூக வலைத்தளம் என்ற சொல்லே கிடையாது. இன்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் கைபேசியில் செய்வதை அவர் தொலைபேசிக் கம்பி இணையத்தில் செய்துவிட்டார். பின்னாளில் பெல்மாரே பணமில்லாமல் தவித்தபோது அந்த அணியின் சட்டையில் நகாட்டா.நெட் என்ற பெயர் விளம்பரமாக வந்தது. பழைய கிளப்புக்குச் செய்த கைம்மாறு.

அவர் வாயைத் திறக்காததால் கேமராக்காரர்களுக்கு மிஞ்சியது தோற்றம் மட்டும்தான். நரிட்டா விமான நிலையத்தில் வந்து இறங்கினால் என்ன கண்ணாடி, என்ன மேல்கோட்டு, தலைமுடி இப்போது என்ன நிறம் என்று அதுவே செய்தி. மிலான், பாரிஸ் ஃபேஷன் காட்சிகளில் முன்வரிசையில் உட்கார்ந்தார். 2002-இல் நைக்கி எடுத்த கூண்டுக்குள் கால்பந்து விளம்பரத்தில் டோட்டியோடும் ஆன்றியோடும் ஒரே அணியில் ஆடினார். விளம்பரம் அவரைத் தூக்கிவிட்டது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேச மறுக்கிற ஒருவரைச் சுற்றி அவ்வளவு விளம்பரம் வளர்ந்தது கொஞ்சம் வேடிக்கையாக இல்லையா?

ஆட்டம் என்று பார்த்தால் 2002-க்குப் பிறகு இறக்கம்தான். பார்மாவில் வலது ஓரத்துக்குத் தள்ளினார்கள். அது அவர் இடமே இல்லை. இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் யுவென்டஸின் ஊரில் அவர் போட்ட ஒரு கோல்தான் 2002-இல் பார்மாவுக்குக் கோப்பையைக் கொடுத்தது, அது ஒரு வெளிச்சம். அப்புறம் போலோனியா, ஃபியோரென்டினா, இங்கிலாந்தில் போல்டன். காயங்கள் வேறு.

2006 ஜூன் 22, டோர்ட்முண்ட். உலகக் கோப்பையில் பிரேசில் 4, ஜப்பான் 1. ஜப்பான் வெளியேறியது. விசில் ஊதியதும் மற்றவர்கள் ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். நகாட்டா நடு வட்டத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். பத்து நிமிடம் போல அப்படியே கிடந்தார். அணித்தலைவர் மியாமோட்டோ போய் ஏதோ சொன்னார், எழவில்லை. அந்தத் தொடர் முழுக்க அணிக்குள் அவர் தனித்து நின்றதாகச் செய்திகள் வந்திருந்தன, அதனால் அந்தக் காட்சியைப் பலர் பலவிதமாகப் படித்தார்கள். நடிப்பு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஜூலை 3-ஆம் தேதி இணையதளத்தில் கடிதம் வந்தது. வாழ்க்கை ஒரு பயணம், பயணம்தான் வாழ்க்கை என்று தலைப்பு. எட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், யமனாஷியின் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்து மூலையில் இந்தப் பயணம் ஆரம்பித்தது என்று தொடங்கி, ஓய்வு பெறுகிறேன் என்று எழுதியிருந்தார். அரை வருடம் முன்பே முடிவெடுத்துவிட்டாராம். அதாவது டோர்ட்முண்டில் படுத்துக் கிடந்தபோது அது தன் கடைசி ஆட்டம் என்று அவருக்கு முன்பே தெரியும்.

29 வயதில் போனது அவர் பெயரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்வேன். அவர் தளர்ந்து ஓடியதை ஜப்பான் அதிகம் பார்க்கவில்லை. கசு இதற்கு நேர் எதிர். 58 வயதிலும் ஒரு கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை ஜப்பானியர்கள் ஒரு சித்தப்பாவை நேசிப்பதுபோல் நேசிக்கிறார்கள். நகாட்டாவை அப்படி யாரும் தோளில் கைபோட மாட்டார்கள். 2004-இல் பெலே தேர்ந்தெடுத்த உயிரோடிருக்கும் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஜப்பானிலிருந்து இடம்பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு, அது வேறு கதை.

பயிற்சியாளராகவோ தொலைக்காட்சி வர்ணனையாளராகவோ வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. முதலில் உலகம் சுற்றினார். வெளிநாட்டில் எல்லோரும் ஜப்பானைப் பற்றிக் கேட்டார்கள், தனக்கே ஒன்றும் தெரியவில்லை என்று 2009-லிருந்து சொந்த நாட்டைச் சுற்றத் தொடங்கினார். 47 மாகாணங்கள், குயவர்கள், விவசாயிகள், நெசவாளர்கள், சாகே என்கிற அரிசி மது தயாரிக்கும் பழைய குடும்பங்கள். சாகேயில் மாட்டிக்கொண்டார். 2015-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம். 2016-லிருந்து டோக்கியோவின் ரொப்போங்கி ஹில்ஸில் அவர் நடத்தும் சாகே வாரத்துக்கு, நாளுக்குப் பத்து சாகே தயாரிப்பாளர்கள் என்று ஊர் ஊராகக் கொண்டுவந்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். இப்போது ஒரு பேட்டியில் அவரைப் பிடித்தால் யுவென்டஸ் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி பேசிவிட்டு, எந்த மாகாணத்தில் எந்த அரிசி, தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஆரம்பித்துவிடுகிறார். அதை நிறுத்துவதுதான் கஷ்டம்.